கழற்றிய பிளக்கை என் கையில் தாருங்கள்

"முன்னூறு ரூபாய் கூலிக்கு நீ எதுக்குடே கையைக் கரியாக்கிட்டுக் கெடக்க? மெக்கானிக்கும் பொழைக்காண்டாமா?"

அத்தான் இதைக் கேட்டது சுங்கான்கடையில் ஒரு பால்காய்ச்சு வீட்டில். பந்தி முடிந்து முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். என் நகக்கண்ணில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. முந்தின நாள் வீட்டு முற்றத்தில் வைத்து காருக்கு ஸ்பார்க் பிளக், அதாவது எஞ்சினுக்குள் பொறி விட்டு பெட்ரோலைப் பற்றவைக்கிற பாகம், மாற்றியிருந்தேன். அத்தான் கிண்டலாகக் கேட்கவில்லை. அக்கறையோடுதான் கேட்டார். அதனாலேயே அந்தக் கேள்வி என்னோடு தக்கலை வரைக்கும் வந்து, வீட்டுக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் சொல்வது சுலபம். பணம் மிச்சம் பிடிப்பதற்காக யாரும் வீட்டில் பிளக் மாற்ற வேண்டாம். என்னுடையது மூன்று சிலிண்டர் மாருதி. முனை நிக்கலால் ஆன சாதாரணப் பிளக் மூன்றும் சேர்த்து ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதிக நாள் உழைக்கிற இரிடியம் உலோக முனை என்றால் ஒன்றுக்கே அந்த விலை வரலாம். கூலி அதைவிடக் குறைவு. பிளக் சாக்கெட், எக்ஸ்டென்ஷன், இறுக்கத்தை அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச், இடைவெளியை அளக்கிற ஃபீலர் கேஜ் என்று நான் வாங்கி வைத்திருக்கும் சாமான்களின் விலைக்குப் பல தடவை கூலி கொடுத்துவிடலாம். கணக்குப் பார்த்தால் அத்தான் சொன்னதுதான் சரி.

நான் இதைச் செய்வதற்குக் காரணம் வேறு. எஞ்சினைத் திறக்காமல், உள்ளே தீ எரிகிற அறையிலிருந்து ஒரு பாகத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்க முடியும் என்றால், நம் ஊரில் ஓடுகிற பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது பிளக் ஒன்றுதான். ஆயிலைப் பார்க்கலாம், கூலன்டைப் பார்க்கலாம், புகையைப் பார்க்கலாம். எல்லாம் உள்ளிருந்து வெளியே வந்து சேர்ந்த செய்திகள். பிளக்கின் நுனி மட்டும்தான் உள்ளேயே இருந்து, ஒவ்வொரு வெடிப்பையும் நேரில் பார்த்துவிட்டு வருகிறது. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதைப் போல அதைப் பார்க்க வேண்டும். ஒர்க்ஷாப்பில் கொடுத்தால் மாற்றிவிடுகிறார்கள், சரி. கழற்றியது எங்கே போகிறது? பெரும்பாலும் நாம் பார்ப்பதற்கு முன்பே பழைய இரும்பு டின்னுக்குள்.

கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை விடவில்லை. மெக்கானிக் பிழைக்க வேண்டாமா என்பதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. நம் குமரி மாவட்டத்தில் எந்த ஜங்ஷனில் இறங்கினாலும் ஒரு ஒர்க்ஷாப் இருக்கும். நடத்துகிறவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவராகவோ, தெரிந்தவருக்குத் தெரிந்தவராகவோ இருப்பார். வளைகுடாவில் பல வருடம் ஸ்பானர் பிடித்துவிட்டுத் திரும்பி வந்து, கையில் இருந்ததைப் போட்டு ஷெட் கட்டியவர்களும் அதில் உண்டு. அப்படி ஒருவரின் கைக்குப் போக வேண்டிய கூலியை நான் என் வீட்டு முற்றத்திலேயே நிறுத்திவிடுகிறேனா?

அப்பாவின் செட்டக்

அப்பாவின் காலத்தில் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றியிருக்காது. அவருடைய பஜாஜ் செட்டக்கின் டப்பாவுக்குள் ஒரு பிளக் ஸ்பானரும், பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஸ்பேர் பிளக்கும், ஒரு துண்டு உப்புத்தாளும் எப்போதும் கிடக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும். அந்தக் கரி பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே படிந்து இடைவெளியை அடைத்துவிட்டால் பொறி வராது. வண்டி நின்றுவிடும். அப்பா வண்டியை ரோட்டோரம் தள்ளி நிறுத்தி, பக்கத்து மூடியைத் திறந்து, பிளக்கைக் கழற்றி, தேய்த்து, ஊதி, திருப்பிப் போட்டு, ஒரு உதை கொடுத்தால் கிளம்பிவிடும். அவர் மெக்கானிக் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். அவரோடு வேலை பார்த்தவர்கள், பேங்கில் இருந்தவர்கள், துணிக்கடைக்காரர் என்று ஸ்கூட்டர் வைத்திருந்த எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. தெரியாதவர் வண்டி ஓட்ட முடியாது, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிளக் என்றால் மைக்கோ. 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனியோடு சேர்ந்தது. 2008-ல் பெயரையே பாஷ் என்று மாற்றிவிட்டார்கள். ஆனாலும் வயசான மெக்கானிக்குகள் வாயில் இன்றைக்கும் மைக்கோ பிளக்தான்.

பிறகு கார்கள் மாறின. பெட்ரோலைக் காற்றோடு கலந்து தந்த கார்புரேட்டர் போய், அளந்து பீச்சுகிற இன்ஜெக்ஷன் வந்தது. பொறிக்கான மின்சாரத்தைப் பங்கிட்டுத் தந்த டிஸ்ட்ரிபியூட்டரும் தடித்த பிளக் வயர்களும் போய், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வோல்டேஜை ஏற்றித் தருகிற தனித்தனிக் காயில் உட்கார்ந்தது. பெட்ரோலும் காற்றும் அளவு தவறாமல் சேர்வதால் கரி குறைந்தது. நிக்கல் பிளக்கே முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும். இரிடியம் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். இது பெரிய முன்னேற்றம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மழையில் நனைந்துகொண்டு ரோட்டோரம் குந்தியிருந்த அப்பாவுக்கு இந்த எஞ்சின் கிடைத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். ஆனால் அடிக்கடி கழற்ற வேண்டியதில்லை என்றானதும், கழற்றவே தெரிய வேண்டியதில்லை என்றாகிவிட்டது. எஞ்சின் மேல் ஒரு கறுப்பு மூடி வந்து உட்கார்ந்ததும், அதற்குக் கீழே இருப்பது நம்முடையது என்கிற எண்ணமே போய்விட்டது.

நன்றாக ஓடுகிற வண்டிக்கு ஏன் புதுப் பிளக் என்று அத்தான் அன்றைக்கே இன்னொன்றும் கேட்டார். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் தாண்ட 1.2 நிமிடம், அதாவது 3,000 சுற்று. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி, ஆகவே கிலோமீட்டருக்கு 1,500 பொறி. நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒவ்வொரு பிளக்கும் 6 கோடி தடவை பொறி விட்டிருக்கும். ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைத் தின்றுவிட்டுப் போகிறது. முனை மழுங்குகிறது, இடைவெளி கூடுகிறது. கூடின இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை இருபது, முப்பதாயிரம் வோல்ட்டாக ஏற்றித் தருகிற காயில்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிளக்குக்குப் பதில் காயில் போகும். அல்லது ஒரு சிலிண்டர் அவ்வப்போது பற்றாமல் விட்டுவிட, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கும். அதன் விலை பத்தாயிரங்களில் வரும்.

முற்றத்தில் வைத்துச் செய்வது

வேலை கஷ்டமில்லை. பொறுமையும் ஆறிய எஞ்சினும் வேண்டும். சூட்டோடு கழற்றினால் எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டின் மரை பிளக்கோடு பிய்ந்து வர வாய்ப்புண்டு. அதனால் இரவு நிறுத்திய வண்டியில் காலையில் செய்வேன். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்தால் காயில்கள் தெரியும். ஒவ்வொன்றையும் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றி, கனெக்டரின் பூட்டை அமுக்கி விடுவித்து, காயிலை லேசாகத் திருகித் தூக்க வேண்டும். இழுக்கக் கூடாது. அடியில் இருக்கிற ரப்பர் பூட் வருடக் கணக்கில் பிளக்கின் பீங்கானோடு ஒட்டிக்கிடக்கும்.

காயில் வந்தவுடன் பிளக்கைக் கழற்றப் போகாமல், முதலில் அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊரில் இது முக்கியம். ஜூன் வாக்கில் இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசியில் துலா மழையும் உண்டு. மழை ஓய்ந்ததும் வண்டியை வாட்டர் சர்வீசுக்கு விடுவார்கள். பானெட்டைத் திறந்து எஞ்சின் மேலேயும் பீச்சி அடித்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் குழிக்குள் இறங்கினால் வெளியே வர வழியில்லை. குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் நிற்கிற வண்டிகளில் பிளக்கின் அறுகோணப் பாகம் உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பொரிந்து போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆரல்வாய்மொழிக் காற்றில் தினமும் போய் வருகிறவர்களின் குழியில் மண் இருக்கும். அந்த மண்ணோ துருவோ பிளக்கைக் கழற்றியதும் நேராகச் சிலிண்டருக்குள்தான் விழும். டயருக்குக் காற்றடிக்கிற சின்ன பம்ப் ஒன்று போதும், குழியை ஊதிச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு சாக்கெட்டை இறக்கலாம்.

சாக்கெட் பிடித்ததும் ரேச்செட்டில் கை வைத்து மெல்ல அழுத்தினால் 'டக்' என்று ஒரு சின்ன ஓசை கேட்கும். அத்தனை வருட இறுக்கம் விடுகிற ஓசை அது. அதன் பிறகு விரலாலேயே சுற்றலாம். எக்ஸ்டென்ஷன் கம்பியைப் பிடித்துச் சுற்றும்போது மரை ஒவ்வொன்றாக விடுவது விரல் நுனியில் தெரியும். எங்கேயாவது முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கொஞ்சம் பெனட்ரேட்டிங் ஆயில், கொஞ்ச நேரம், பிறகு முன்னும் பின்னுமாக. அவசரம் காட்டினால் ஹெட்டின் மரை போகும். பிறகு போன மரைக்குப் பதில் கம்பிச் சுருள் மரை வைக்கிற, ஹெலிகாயில் போடுகிற ஆளைத் தேடி அலைய வேண்டும்.

புதுப் பிளக் போடும்போதும் அதே நிதானம்தான். டப்பாவிலிருந்து எடுத்ததும் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைப் பார்த்துக்கொள்வேன். என் வண்டிக்கு 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர். இரிடியம் பிளக்கின் நடுமுனை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்தது. அதில் கேஜைத் திணிக்கவோ, கம்பி பிரஷ் போடவோ, அப்பா காலத்து உப்புத்தாளைக் காட்டவோ கூடாது. முதல் சில சுற்றுகளுக்கு ரேச்செட் வேண்டாம். பிளக்கின் பின்பக்கத்தில் ஒரு துண்டு பெட்ரோல் ஓஸைச் சொருகி அதைப் பிடித்துச் சுற்றினால், மரை கோணலாக ஏறும்போது ஓஸ் வழுக்கிவிடும், மரைக்குச் சேதம் வராது. பிளக்கின் கழுத்திலிருக்கிற கேஸ்கட் வளையம் ஹெட்டைத் தொட்ட பிறகு, 14 மில்லிமீட்டர் மரை என்றால் அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டர் என்றால் 15 முதல் 20. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்குப் புதுப் பிளக் விரல் இறுக்கத்துக்கு மேல் சுமார் அரைச் சுற்று. ஏற்கெனவே போட்டுக் கழற்றிய பிளக் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும், அதன் கேஸ்கட் முன்பே நசுங்கிவிட்டது. மரையில் கிரீஸ் தடவுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. முலாம் பூசிய இன்றைய பிளக்குகளுக்கு அது வேண்டாம் என்றே கம்பெனிகள் சொல்கின்றன. வழுக்குவதால் நாம் நினைத்ததைவிட அதிகமாக இறுகிவிடும்.

கடையில் வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். "அந்தக் கம்பெனி இல்ல சார், இதுவும் அதே ஆறாம் நம்பர்தான்" என்று சொன்னால் வாங்காதீர்கள். பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைச் சொல்கிற நம்பர் அது. என்.ஜி.கே. கம்பெனியில் நம்பர் கூடினால் பிளக் குளிர்ச்சியானது, பாஷில் நம்பர் கூடினால் சூடானது. ஒன்றின் ஆறு இன்னொன்றின் ஆறு கிடையாது. வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் முழு நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கள். போலிப் பிளக்குகளும் சந்தையில் இருக்கின்றன. பீங்கானில் அச்சு மங்கலாக இருந்தாலோ, கேஸ்கட் விரலால் தள்ளினாலே கழன்று வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூக்கும் கழுத்தும்

இனி நான் சொல்ல வந்த விஷயம். கொஞ்ச காலமாகவே என் வண்டியில் ஆயில் குறைந்துகொண்டிருந்தது. அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டில் இருந்தது, அடுத்த சர்வீசுக்கு முன்பே கீழ்க் கோட்டை நெருங்கும். ஏற்றத்தில் ஏறி நின்றால் லேசாக எரிந்த வாடை. சர்வீசுக்கு விட்ட இடத்தில் சொன்னபோது பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் போயிருக்கும், எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்தது. வீட்டில் பேசினோம். வண்டியை விற்றுவிடலாமா என்கிற அளவுக்குப் பேச்சுப் போனது. பிளக் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்துவிட்டதே, அதை முதலில் செய்துவிடுவோம் என்றுதான் அந்தக் காலையில் பானெட்டைத் திறந்தேன்.

முதல் காயிலும் மூன்றாம் காயிலும் உலர்ந்து வந்தன. நடுவிலிருந்த காயிலின் ரப்பர் மட்டும் பளபளவென்று வந்தது. தொட்டுப் பார்த்தேன், ஆயில். குழிக்குள் டார்ச் அடித்தால் அடியில் ஆயில் தேங்கி நின்றது. துணி சுற்றிய கம்பியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினேன். மேல் பீங்கானும் அறுகோணமும் நனைந்திருந்தன. மரைக்குக் கீழே, நெருப்பைப் பார்க்கிற நுனியில், மற்ற இரண்டிலும் இருந்த அதே வெளிர் காப்பி நிறம். உலர்ந்த, மெல்லிய, சீரான படிவு. பத்திரிகைத் தாளை விரித்து மூன்றையும் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிங் போன எஞ்சின் என்றால் இந்த நுனி இப்படியா இருக்கும்? அப்படி நினைக்க எனக்கு ஆசை இருந்தது. ஆசைப்படுகிறவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அதையும் நினைத்தேன். ஒவ்வொரு பிளக்கையும் அதனதன் சிலிண்டர் நம்பர் எழுதிய டப்பாவில் போட்டு வண்டிக்குள் வைத்தேன். அத்தான் என் நகத்தைப் பார்த்தபோது அந்த டப்பாக்கள் வெளியே நின்ற காரில்தான் இருந்தன.

அந்த வாரமே திங்கள்சந்தைப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். அயனி மரத்தடியில் தகரக் கொட்டகை, அவரும் இரண்டு பையன்களும். வண்டியை அவர் பார்க்கவில்லை, முதலில் டப்பாக்களை வாங்கினார். நடுப் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து, நுனியைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலை முகர்ந்து பார்த்தார்.

"எண்ணெய் எங்க இருக்குண்ணு பாரு மக்கா. மூக்குல இல்ல. கழுத்துக்கு மேலதான் இருக்கு. ரிங்கு போனா மூக்குல்லா நனையும்? இது மேலருந்து எறங்கின எண்ணெயாக்கும்."

அவர் சொன்னதை விளக்க வேண்டும். ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்தால் ஆயில் எரிகிற அறைக்குள் நுழையும். அப்போது பிளக்கின் நுனியில் கறுப்பு ஈரமோ, எரிந்த ஆயிலின் சாம்பல் கட்டியோ இருக்கும். என் பிளக்கில் இருந்த ஆயில் மரைக்கு வெளியே. ஹெட்டுக்கு மேலே இருக்கிற டாப்பட் கவரின் கேஸ்கட்டும், பிளக் குழியைச் சுற்றியிருக்கிற சீலும் காய்ந்து கட்டியானால் ஆயில் இப்படிக் கசியும். குழிக்குள் கொஞ்சம், கவரின் ஓரமாகச் சைலன்சர் பக்கம் கொஞ்சம். அந்தச் சூட்டில் விழுவதுதான் ஏற்றத்தில் வந்த வாடை. இரண்டு நோய்க்கும் ஆயில் குறையும். மருந்துச் செலவில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

ஆனால் ஆசான் அதோடு நிறுத்தவில்லை. கண்ணால் பார்த்தது மட்டும் போதாது என்று, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரெஷன் கேஜை எடுத்தார். பிளக் இருந்த ஓட்டையிலேயே அதைத் திருகி, எஞ்சினைச் சுற்றவிட்டு, மூன்று சிலிண்டரிலும் பார்த்தார். மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியே காட்டின. "எஞ்சினை எறக்காண்டாம். கவர் கேஸ்கட்டும் குழி சீலும் மாத்துவோம். பேடிக்காண்டாம்" என்றார். ஆயிரத்துச் சில்லறையில் வேலை முடிந்தது. அதன் பிறகு டிப் ஸ்டிக்கில் ஆயில் இறங்கவில்லை.

பிளக்கின் முகத்தைப் படிக்க அன்றைக்கு அவரிடம் கற்றது இன்னும் கொஞ்சம் உண்டு. உலர்ந்த கரிமை அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வண்டி ரொம்பக் குறைந்த தூரமே ஓடுகிறது. இந்தக் கடைசிக் காரணம் நம் மாவட்டத்தில் நிறைய. வீட்டிலிருந்து ஜங்ஷன், ஜங்ஷனிலிருந்து கோவில், மீன் சந்தை, திரும்ப வீடு. பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 டிகிரியைத் தொட்டால்தான் தன் மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். இந்த ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. வாரத்தில் ஒருநாள் ஆரல்வாய்மொழி வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு வந்தால் அதில் பாதி சரியாகும். நுனி வெள்ளையாக வெளுத்து, கொப்புளம் போட்டிருந்தால் அது எதிர்ப்பக்கம், அதிகச் சூடு. உடனே கவனிக்க வேண்டியது. இன்னொன்று, பீங்கானின் அடியில் உலோகத்தை ஒட்டிக் காப்பி நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். அதைக் காட்டி 'கேஸ் லீக்' என்று சொல்வோர் உண்டு. அது லீக் இல்லை. உயர் வோல்டேஜ் காற்றிலிருக்கிற எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைத்த கறை. அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

ஆசானிடம் கேட்டது

வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது அத்தானின் கேள்வியை ஆசானிடமே கேட்டேன். நான் வீட்டில் வைத்துப் பிளக் மாற்றுவது உங்கள் பிழைப்பைக் கெடுக்கிறதா என்று நேராகவே கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"நீ பிளக்கு மாத்தினா எனக்கு என்ன நட்டம்? 'வண்டி இழுக்கல்ல'ண்ணு மட்டும் சொல்லிட்டுச் சாவியைத் தந்துட்டுப் போறான் பாரு, அவன் வண்டியிலதான் எனக்கு நாள் போவுது."

எப்போது இழுக்கவில்லை, சூட்டிலா குளிரிலா, ஏற்றத்திலா, நின்றபடி ஓடுகிற ஐடிலிலா, கடைசியாக என்ன மாற்றினார்கள், எதுவும் தெரியாது. தேடுவதற்கு அரை நாள். தேடுகிற அரை நாளுக்குக் கூலி கேட்டால் 'ஒண்ணும் மாத்தலையே, எதுக்குக் காசு' என்று வழக்கு. பழுது கண்டுபிடிப்பதுதான் அவருடைய உண்மையான வித்தை, அதற்குத்தான் நம் ஊரில் காசு கொடுக்க மனது வருவதில்லை. பாகம் மாற்றினால் கொடுப்போம், யோசித்ததற்குக் கொடுக்க மாட்டோம். மூன்று பிளக்கைப் பார்த்து அவர் சொன்ன அந்த இரண்டு வரிக்கு என்ன விலை? எஞ்சினை இறக்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைக் கணக்கில் வைத்துத்தான் நான் அன்றைக்கு அவருக்குக் கொடுத்தேன். வாங்க மறுத்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

ஆனாலும் அத்தான் சொன்னதில் ஒரு பங்கு நியாயம் மிச்சம் இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆசானின் கொட்டகையில் இருந்த பையன்களில் சின்னவன் அன்றைக்கு ஒரு ஆல்ட்டோவில் பிளக் மாற்றிக்கொண்டிருந்தான். மரை ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு விரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். பையன்கள் கை பழகுவது இந்த மாதிரிச் சின்ன வேலைகளில்தான். எல்லோரும் வீட்டிலேயே மாற்றிக்கொண்டால் அவன் எதில் பழகுவான்? அதனால் என் வண்டிக்கு நான் மாற்றுகிறேன், மனைவியின் ஸ்கூட்டருக்கும் தம்பியின் காருக்கும் அந்தப் பையனிடம் கொடுக்கிறேன். பக்கத்தில் நின்று பார்ப்பேன். கழற்றியதை வாங்கிக்கொள்வேன்.

இதைப் படிக்கிற எல்லோரும் ஸ்பானர் எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சில வண்டிகளில் எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகிற இன்டேக் மேனிஃபோல்டையே கழற்றினால்தான் பிளக் தெரியும், அதை வீட்டில் தொட வேண்டாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. பிளக் மாற்றக் கொடுக்கும்போதே, கழற்றிய பழைய பிளக்குகளைப் புதுப் பிளக்கின் டப்பாக்களில் போட்டு, எந்த டப்பா எந்தச் சிலிண்டர் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் காசில் வாங்கிய பொருள். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். முகம் சுளித்தால் காரணம் கேளுங்கள். பில்லில் 'பிளக் மாற்றம்' என்று இருந்து, கையில் காட்டப் பழசு இல்லையென்றால் அதையும் கேளுங்கள். தந்தவுடன் அங்கேயே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இல்லையென்றால் மாற்றியவரிடமே ஏன் என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்.

என் வண்டிக்கு அடுத்த பிளக் மாற்றத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது. அதற்கு முன் இந்தத் துலா மழை முடிந்ததும் மூன்று காயில்களையும் ஒருமுறை தூக்கி, குழிகள் உலர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுக் குழியின் சீல் புதுசுதான், ஆனாலும் பார்க்க வேண்டும். குளச்சலில் இருக்கிற பெரியம்மா மகனின் வண்டியில் ஐடிலில் ஒரு நடுக்கம் இருக்கிறது என்று போன வாரம் போனில் சொன்னான். பிளக் மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று கேட்டேன். தெரியாது என்றான். ஞாயிற்றுக்கிழமை சாக்கெட்டோடு வருகிறேன், எஞ்சினை ஆறப் போட்டு வை என்று சொல்லியிருக்கிறேன்.